திருவண்ணாமலையில் மயங்கி விழுந்தவர், லண்டனில் 35 ஓவியங்களை விற்றார்: யார் இந்த சாமர்செட் மாம்?

ரமணாசிரமம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். ஒரு பெரிய இங்கிலீஷ் எழுத்தாளர் ஆசிரமத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். ரமணரே அவர் படுத்திருந்த அறைக்குப் போய் உட்கார்ந்தார். அந்த எழுத்தாளர் ஊர் திரும்பி ஒரு நாவல் எழுதினார், அது உலகப் புகழ் பெற்றது. பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் அந்த எழுத்தாளர் அதற்குப் பிறகும் 27 வருஷம் வாழ்ந்தார். கடைசி நாலு வருஷம்தான் அவருக்கு மிக மோசமான காலம். காரணம், லண்டனில் நடந்த ஒரு ஏலம். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களை விற்கப்போய், பெற்ற மகளோடு கோர்ட் வரை போனார். அந்த சாமர்செட் மாமின் முழுக்கதை இது.

பாரிஸில் பிறந்தவர், பத்து வயதில் அனாதை

வில்லியம் சாமர்செட் மாம் 1874 ஜனவரி 25-ல் பாரிஸில் பிறந்தார், அதுவும் பிரிட்டிஷ் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே. அப்பா தூதரகத்தின் சட்ட வேலைகளைப் பார்த்த வழக்கறிஞர். எட்டு வயதில் அம்மா காசநோயில் போனார். பத்து வயதில் அப்பாவும் போனார். முதலில் பேசிப் பழகியது பிரெஞ்சு. அந்தப் பையனை இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பாதிரியாராக இருந்த சித்தப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள்.

புது ஊர், புது மொழி, கூடவே திக்குவாய். அந்தத் திக்கல் சாகும் வரை அவரை விடவில்லை. பேச்சு வராத பையன் எழுத்துக்குள் போனான்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஐந்து வருஷம் மருத்துவம் படித்தார். ஏழைகள் குடியிருந்த லாம்பெத் பகுதிக்குப் பிரசவம் பார்க்கப் போனார். அங்கே பார்த்ததை வைத்து 1897-ல் முதல் நாவல் எழுதினார். அது நன்றாகப் போனது. டாக்டர் பட்டம் கையில் இருந்தும் அந்தத் தொழில் பக்கம் அவர் போகவே இல்லை. 1908-ல் லண்டனில் ஒரே நேரத்தில் அவருடைய நாலு நாடகங்கள் ஓடின. பணம் கொட்டியது. ஓவியம் வாங்கும் பழக்கமும் அந்த நாடகக் காலத்தில் தொடங்கியதுதான். முதலில் வாங்கியது பழைய நாடக நடிகர்களின் படங்கள்.

200 பிராங்குக்கு ஒரு கதவு

முதல் உலகப்போர் நேரத்தில் ஆம்புலன்ஸ் வேலை, பிறகு பிரிட்டனுக்காக உளவு வேலை என்று அலைந்தார். நடுவில் பசிபிக் தீவுகளுக்குப் போனார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பால் கோகன் என்ற பிரெஞ்சு ஓவியர், குடும்பம் வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு டஹிட்டித் தீவுக்குப் போய், 1903-ல் மார்க்கேசாஸ் தீவுகளில் இறந்துபோனவர். அவரை வைத்து நாவல் எழுத மாம் திட்டமிட்டிருந்தார்.

டஹிட்டியில் விசாரித்தபோது ஒரு தகவல் கிடைத்தது. கோகன் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்த ஒரு குடிசையில், கதவுகளின் கண்ணாடியில் படம் வரைந்து வைத்திருக்கிறாராம். மாம் போய்ப் பார்த்தார். அந்த வீட்டுக் குழந்தைகள் மற்ற படங்களைச் சுரண்டி அழித்துவிட்டார்கள். ஒரே ஒரு கதவு மிச்சம் இருந்தது. வீட்டுக்காரர் கேட்டது புதுக் கதவு வாங்கும் செலவை மட்டும்தான், 100 பிராங்க். மாம் 200 பிராங்க் கொடுத்தார். கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

1919-ல் அந்த நாவல் வந்தது, "தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்". கதவு என்ன ஆச்சு? கொஞ்சம் பொறுங்க, அது திரும்ப வரும்.

மனைவி வியாபாரம்: பழைய மரச்சாமான், வெள்ளை பெயின்ட்

மாமின் மனைவி சிரி. அநாதைக் குழந்தைகளுக்கு இல்லங்கள் நடத்திப் புகழ்பெற்ற டாக்டர் பர்னார்டோவின் மகள். முதல் கணவர் மருந்துக் கம்பெனி அதிபர் ஹென்றி வெல்கம். அந்தத் திருமணம் சட்டப்படி முடியும் முன்பே, 1915-ல் மாமுக்கும் சிரிக்கும் லைசா பிறந்துவிட்டாள். 1917-ல் அமெரிக்காவில் இவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். இந்தத் தேதி வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 45 வருஷம் கழித்து இதுவே கோர்ட்டில் பெரிய விஷயமாகும்.

சிரி 1922-ல் லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட்டில் கடை திறந்தார். பழங்கால மேசை, நாற்காலி, அலமாரிகளை வாங்கி, பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையடித்து விற்பார். வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, வெள்ளை விரிப்பு என்று முழு வெள்ளை அறையை ஃபேஷன் ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பழமையைக் கெடுக்கிறார் என்று திட்டியவர்களும் இருந்தார்கள், வரிசையில் நின்று வாங்கியவர்களும் இருந்தார்கள். அவருடைய சொந்த வீடே ஷோரூம் மாதிரிதான். விருந்துக்கு வந்தவர்களுக்குப் பிடித்திருந்தால் வீட்டுச் சாமானும் விலைக்குக் கிடைக்கும் என்பது அன்றைய லண்டனில் ஊரறிந்த பேச்சு.

இந்தத் திருமணம் நிலைக்கவில்லை. மாமின் மனம் செயலாளராகவும் துணையாகவும் இருந்த ஜெரால்டு ஹாக்ஸ்டனிடம் இருந்தது. ஆண்கள் இடையிலான உறவு பிரிட்டனில் அப்போது சிறைக்குரிய குற்றம். பிரான்ஸின் தெற்குக் கடலோரம் கேப் ஃபெரா என்ற இடத்தில் 1926-ல் "வில்லா மோரெஸ்க்" என்ற மாளிகையை வாங்கி அங்கே குடிபோனார். 1929-ல் விவாகரத்து. லைசா அம்மாவிடம் வளர்ந்தாள்.

அந்த வில்லாவின் வாசலில் ஒரு குறி இருக்கும். கண் திருஷ்டி படாமல் இருக்க மொராக்கோ பக்கம் போடும் குறி, அப்பா வழியாக மாமுக்கு வந்தது. தன் புத்தக அட்டைகளிலும் அதைப் போட்டார். நம்ம ஊர் வாசலில் பூசணிக்காய் கட்டுகிற மாதிரிதான்.

1938: ரமணாசிரமத்தில் என்ன நடந்தது?

1938-ன் தொடக்கத்தில் மாம் இந்தியா வந்தார். வயது 64. கோட்டைகளையும் வேட்டையையும் விட, சாமியார்களைப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆர்வம். சென்னையில் இருந்து காரில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார்.

அன்றைய ரமணாசிரமம் மலையடிவாரத்தில், செங்கம் ரோட்டோரம் இருந்த அமைதியான இடம். சாப்பிட்டு முடித்த நேரத்தில் மாம் மயங்கி விழுந்தார். மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயரின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். சாட்விக் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. 1935-ல் வந்தவர், ஆசிரம வளாகத்துக்குள் சின்னக் குடில் கட்டித் தங்கிவிட்டார். மாம் எழுந்து ஹாலுக்கு வர முடியாத நிலை என்று தெரிந்ததும், ரமணரே அந்தக் குடிலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தார். மாமும் எதுவும் கேட்கவில்லை.

இந்தச் செய்தி பரவிய வேகம் பெரியது. அவருக்குச் சமாதி நிலை கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள். மாம் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. இதே மாதிரி மயக்கம் தனக்கு முன்பும் வந்திருக்கிறது, பின்பும் வந்திருக்கிறது என்று 1958-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஆனால் ரமணரைப் பற்றி அதே கட்டுரையில் மிகுந்த மரியாதையோடு எழுதினார்.

அந்தப் பயணம் அவருக்குள் தங்கிவிட்டது. போரில் பிரான்ஸ் வீழ்ந்ததும் நிலக்கரிக் கப்பலில் தப்பி இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தார். அங்கே இருந்து எழுதியதுதான் 1944-ல் வெளியான "தி ரேஸர்ஸ் எட்ஜ்". பணமும் காதலும் வேண்டாம் என்று உண்மையைத் தேடி இந்தியா வரும் ஓர் அமெரிக்க இளைஞனின் கதை. அதில் வரும் ஸ்ரீ கணேஷா என்ற குருவுக்குள் ரமணரின் சாயல் உண்டு. கதை நடக்கும் இடத்தை மட்டும் திருவிதாங்கூருக்கு மாற்றிவிட்டார். தலைப்பு கட உபநிடதத்தில் இருந்து எடுத்தது. 1946-லும் 1984-லும் ஹாலிவுட்டில் படமானது.

16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்த அன்றே, கையில் மிச்சம் இருந்த காசை அய்யங்குளத்தில் வீசி எறிந்தவர் ரமணர். வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்து வாங்கிய ரசீதையும் கிழித்துப் போட்டுவிட்டார். கடைசி வரை அவரிடம் இருந்தவை கோவணம், துண்டு, கமண்டலம், கைத்தடி. அவரைப் பார்த்துவிட்டுப் போன மாம் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. போர் முடிந்து 1946-ல் வில்லாவுக்குத் திரும்பியதும் முழு மூச்சாக ஓவியம் வாங்க ஆரம்பித்தார்.

சுவரெல்லாம் கோடிகள்

ரெனுவார், மோனே, பிசாரோ, மத்தீஸ், பிக்காசோ... ஒரு மியூசியத்தில் பார்க்க வேண்டிய பெயர்கள் எல்லாம் அந்த வீட்டுக் கூடத்திலும் மாடிப்படியிலும் தொங்கின. துலூஸ் லாத்ரெக் வரைந்த, தரை மெழுகும் ஆளின் படம் ஒன்று இருந்தது. அவர் வழக்கமாக வரையும் பாணியில் இல்லாத படம் அது. வருகிற விருந்தாளிகளிடம் இது யார் வரைந்தது சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டு மடக்குவது மாமுக்கு ஒரு விளையாட்டு.

டஹிட்டிக் கதவு? அது எழுதும் அறையில் ஜன்னலாக மாறியிருந்தது. மத்தியதரைக்கடல் கண்ணில் பட்டால் வேலை ஓடாது என்று கடல் பக்கத்தை அடைத்துவிட்டு, கோகனை வைத்துக்கொண்டார்.

இந்தக் காலத்தில்தான் பின்னால் வெடிக்கப்போகிற விஷயத்தையும் செய்தார். வாங்கிய ஓவியங்களில் ஒன்பதை மகள் லைசாவின் பெயரில் வாங்கினார். படங்கள் தொங்கியது அப்பா வீட்டில், உரிமை மகள் பெயரில். அப்போது இருவரும் நல்ல உறவில் இருந்தார்கள். லைசாவின் இரண்டாவது கணவர் லார்ட் ஜான் ஹோப், மாம் இந்தியா வந்தபோது வைஸ்ராயாக இருந்த லின்லித்கோவின் மகன்.

ஏன் விற்க முடிவு செய்தார்?

இரண்டு காரணம். முதல் காரணம், திருட்டு. 1960, 1961-ல் தென் பிரான்ஸ் கடலோர ஊர்களில் வரிசையாக ஓவியத் திருட்டுகள் நடந்தன. செயின்ட் ட்ரோபே மியூசியத்தையே ஒரே இரவில் காலி பண்ணினார்கள். 87 வயதுக்காரர், ஒதுக்குப்புறமான வீடு, சுவர் நிறைய பொக்கிஷம். தூக்கம் வருமா?

இரண்டாவது, விலை. 1958 அக்டோபரில் லண்டன் சோத்பிஸ் ஏல நிறுவனத்தில் கோல்ட்ஷ்மிட் குடும்பத்தின் ஏழு ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன. 21 நிமிஷத்தில் 7,81,000 பவுண்டுக்குப் போயின. ஓவியச் சந்தையை மாற்றிய இரவு என்று அதைச் சொல்வார்கள். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் மாமும் ஒருவர். தன் வீட்டுச் சுவரின் மதிப்பு என்ன என்று அன்று அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டாரா என்ன?

வருகிற பணம் கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்குப் போகும் என்று அறிவித்தார். 1947-லேயே இளம் எழுத்தாளர்கள் வெளிநாடு போய்வரப் பணம் தரும் விருது ஒன்றைத் தொடங்கியிருந்தவர் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

1962 ஏப்ரல் 10: ஏல நாள்

சோத்பிஸ் அரங்கில் மாமின் 35 ஓவியங்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு வந்தன. பெரிய கவனம் பிக்காசோவின் "ஹார்லக்வினின் மரணம்" மேல் இருந்தது. அதன் பின்பக்கத்திலும் இன்னொரு படம் உண்டு, தோட்டத்தில் அமர்ந்திருக்கும் பெண். அது மட்டும் 80,000 பவுண்டுக்குப் போனது. உயிரோடு இருக்கும் ஓர் ஓவியரின் படத்துக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த அதிகபட்ச விலை அது.

200 பிராங்குக்கு வந்த கோகன் கதவு? சுமார் 13,000 பவுண்டு.

மொத்த வசூல் 5,23,880 பவுண்டு. ஒரு பவுண்டு 13 ரூபாய் சொச்சமாக இருந்த அன்றைய கணக்கில் ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய்.

ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

* விற்பவரும் ஏல நிறுவனமும் ஒரு குறைந்தபட்ச விலையை ரகசியமாக முடிவு செய்வார்கள். அதற்குக் கீழே போனால் பொருள் விற்காது.
* பொருள் யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாறு கேட்லாகில் இருக்கும். இது போலி இல்லை, திருட்டு இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. புகழ்பெற்ற ஒருவரின் வீட்டில் இருந்தது என்றால் அதற்கே தனி விலை.
* சுத்தியல் விழும்போது சொல்லப்பட்ட தொகைதான் விற்பனை விலை. இன்று வாங்குபவரும் அதன் மேல் கமிஷன் தர வேண்டும். லண்டனில் அந்த வழக்கம் 1975-ல்தான் வந்தது. மாம் காலத்தில் விற்பவர் மட்டும்தான் கமிஷன் கொடுத்தார்.
* எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி: விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா?

மாம் கதையில் சிக்கல் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் வந்தது.

மகள் கோர்ட்டுக்குப் போனார்

விற்ற 35-ல் ஒன்பது ஓவியங்கள் தன் பெயரில் வாங்கியவை, அந்தப் பணம் தனக்கு வர வேண்டும் என்று லைசா கேட்டார். மாம் மறுத்தார். லைசா வழக்குப் போட்டார்.

மாமின் பதிலடி யாரும் எதிர்பார்க்காதது. ஜெரால்டு 1944-ல் இறந்தபின் அவருக்குத் துணையாக இருந்தவர் ஆலன் சர்ல். 1962 முடிவில் அந்த சர்லைத் தன் மகனாகத் தத்தெடுத்தார். கூடவே, லைசா தன் சட்டபூர்வ மகளே இல்லை என்றார். லைசா பிறந்தபோது சிரி இன்னொருவரின் மனைவி என்ற பழைய தேதி வரிசை இப்போது வெளியே வந்தது. பிரெஞ்சுச் சட்டப்படி பெற்ற பிள்ளைக்குச் சொத்தில் கட்டாயப் பங்கு உண்டு. அதைத் தடுக்க வேண்டுமானால் பிள்ளையே இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

அதே 1962-ல் பத்திரிகையில் தொடராக எழுதிய நினைவுக் குறிப்புகளில், ஏழு வருஷத்துக்கு முன் இறந்துபோன சிரியைக் கடுமையாகத் தாக்கினார். அது நண்பர்களையே அதிர வைத்தது. பழகியவர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

1963-ல் நீஸ் நகர நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தத்து செல்லாது, லைசாதான் சட்டபூர்வ மகள். 1964-ல் ஓவியப் பணத்தில் லைசாவுக்கு ஒரு பங்கு என்று கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆனது. ஆனா அப்பாவும் மகளும் திரும்ப ஒன்று சேரவில்லை.

நம்ம ஊர்ல இப்படி நடந்தா?

பிள்ளை பெயரில் எழுதி வைப்பது நமக்குப் புதுசு இல்லை. அதனால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

* நகை, ஓவியம், மரச்சாமான் மாதிரி அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும், இல்லையென்றால் பொருளைக் கையில் ஒப்படைக்க வேண்டும். இது சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 123. பெயர் பிள்ளையுடையது, பொருள் நம் வீட்டில் என்று இருந்தால் சண்டைக்கு வழி.
* முறையாகக் கொடுத்த தானத்தை மனசு மாறியதும் திரும்ப எடுக்க முடியாது. பிரிவு 126 சில விதிவிலக்குகளை மட்டும் தருகிறது.
* கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் சொத்து எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால், 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23 மூலம் ரத்து செய்யக் கேட்கலாம்.
* நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவற்றை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைத்தால், 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் ஏற்றுமதியைத் தடை செய்கிறது.

கடைசியில் யாருக்கு என்ன?

1965 டிசம்பர் 16-ல் மாம் இறந்தார். வயது 91. கடைசிக் காலத்தில் நினைவு தப்பியிருந்தது, பயமும் கோபமும் மாறி மாறி வந்தன. சிறு வயதில் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத கேன்டர்பரி கிங்ஸ் பள்ளியில், அவர் பெயரில் இருக்கும் நூலகத்தின் பக்கத்திலேயே அஸ்தியைத் தூவினார்கள்.

வில்லா லைசாவுக்கு. உள்ளே இருந்த சாமான்கள் சர்லுக்கு. 1967-ல் அந்த வீட்டின் பழங்கால மேசை, நாற்காலிகளும் அதே சோத்பிஸில் ஏலத்துக்கு வந்தன. அவர் முதன்முதலில் சேர்த்த நாடக ஓவியங்கள் மட்டும் சிதறவில்லை. அவற்றை லண்டன் தேசிய நாடக அரங்குக்கு உயிரோடு இருந்தபோதே எழுதி வைத்துவிட்டார். சர்ல் காலத்துக்குப் பின் புத்தக ராயல்டி, கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கு உதவும் ராயல் லிட்டரரி ஃபண்டுக்குப் போனது.

அவர் தொடங்கிய விருதை 1961-ல் வாங்கியவர் வி.எஸ்.நைபால். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர். அதே வருஷம் வந்த நைபாலின் "ஹாஃப் எ லைஃப்" நாவலில், கதாநாயகனின் பெயர் வில்லி சாமர்செட் சந்திரன். இந்தியாவில் ஒரு சாமியாரைப் பார்க்க வந்த மாமின் நினைவாக அப்பா வைத்த பெயர் என்று கதையில் வரும்.

மாமுக்குத் தன் படுக்கையைக் கொடுத்த மேஜர் சாட்விக் ரமணாசிரமத்திலேயே 1962-ல் காலமானார். ஏலம் நடந்த அதே வருஷம்.

திருவண்ணாமலையில் ரமணர் எல்லோரையும் கேட்டுப் பார்க்கச் சொன்ன கேள்வி நான் யார் என்பது. லண்டனிலும் நீஸிலும் வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடிய கேள்வி இது யாருடையது என்பது. அந்த ஒன்பது படங்களை மகள் வீட்டுச் சுவரில் அன்றே மாட்டியிருந்தால், இரண்டாவது கேள்வியாவது வந்திருக்காது.